கொட்டும் பூச்சி அச்சம்: எந்தப் பூச்சியோடு, எந்த வரிசையில் பழக்குவது?

மேகலா (மருத்துவ உளவியல்)

தேனீ, குளவி என்றாலே நடுங்குகிறவர்களுக்குப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை தரும்போது, பெரும்பாலும் வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்துத்தான் படிகளை வகுக்கிறோம். அவை வெளிநாட்டில் பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீயை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ தொங்குகிறது, பனையில் கதண்டு என்ற பெரிய குளவி கூடு கட்டுகிறது, சுவர் விரிசலில் கொசுத்தேனீ குடியிருக்கிறது. மூன்றுக்கும் ஒரே படி போட முடியாது. பூச்சிகளை அறிந்தவர்கள் திருத்துவதற்காக என் வரைவை இங்கே வைக்கிறேன்.

முதலில் யாருக்கு இது. பூச்சியைக் கண்டால் விலகுவது நோயல்ல. 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, உண்மையான ஆபத்துக்குப் பொருந்தாத அளவில் இருந்து, வாழ்க்கையைச் சுருக்கினால்தான் அது அச்சநோய். கோடையிலும் ஜன்னலைத் திறக்காதவர், பூ விற்கும் தெருவைச் சுற்றிப் போகிறவர், பைக் ஓட்டும்போது பூச்சி வந்தால் கைப்பிடியை விட்டுவிடுகிறவர் எல்லாம் இதில் வருவார்கள். கடைசி ஆளுக்குப் பூச்சி கொட்டுவதைவிட அச்சமே பெரிய ஆபத்து.

விலகும் ஒவ்வொரு முறையும் உடனே நிம்மதி கிடைக்கிறது. "விலகியதால்தான் தப்பித்தேன்" என்று மனம் பதிவு செய்துகொள்கிறது. நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. ஆகவே அறிவுரையால் இந்த அச்சம் போகாது, நேரில் சோதித்துப் பார்த்தால்தான் போகும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989இல் விவரித்த, இப்படிப் பழக்கும் ஒரே அமர்வு முறை 3 மணி நேரம் வரை செல்லும். அதையே இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரித்தும் செய்யலாம்.

என் வரைவுப் படிகள்: கோட்டுச் சித்திரம், வண்ணப்படம், ரீங்காரத்தோடு காணொளி, கண்ணாடிப் புட்டியில் இறந்த தேனீ, புட்டியில் உயிருள்ள தேனீ, பூவில் மேயும் தேனீயை 3 மீட்டரிலிருந்து அரை மீட்டர் வரை நெருங்கிப் பார்ப்பது, மூடிய தேன்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவது, திறந்த பெட்டியைப் பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் அச்சத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்வோம். அதைவிட முக்கியம், தொடங்குமுன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வது. "புட்டியைத் தூக்கினால் என் முகத்தை நோக்கிப் பாயும்" என்று எழுதியிருந்தால், பாய்ந்ததா இல்லையா என்று முடிவில் அவரே சொல்ல வேண்டும்.

சந்தேகம் கடைசி நான்கு படிகளில்தான். படத்துக்கும் உயிருள்ள தேனீக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

பெட்டித்தேன் (மார்த்தாண்டம்)

மேடம், அந்தப் பள்ளத்தை நிரப்ப இரண்டு உயிர்கள் இருக்கின்றன. கையேட்டில் இராது, நம் ஊரில் உண்டு.

ஒன்று கொசுத்தேனீ. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். கொடுக்கு தேய்ந்துபோன இனம், கொட்டவே முடியாது. பழைய வீட்டுச் சுவர், மின்கம்பப் பொந்து, மூங்கில் கணு, மண்பானை என்று எங்கும் இருக்கும். வாசலில் பிசினால் ஒரு சின்னக் குழாய் நீட்டியிருக்கும், அதன் விளிம்பில் நாலைந்து காவலாளிகள் முகம் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காரலாம். கூட்டமாக வந்து போகும், மெல்லிய ரீங்காரம் இருக்கும், கையில் உட்காரும், ஆபத்து மட்டும் கிடையாது. கூட்டை உடைத்தால் தலைமுடியில் புகுந்து கடிக்கும், பிசின் ஒட்டும். ஆகவே கூட்டைத் தொடாமல், வாசலை மறைக்காமல் பக்கவாட்டில் உட்கார வைக்கவும்.

இரண்டாவது, நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீயின் ஆண் ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது. வேலைக்காரத் தேனீயைவிடப் பருமன், உடல் கறுப்பு, பின்பக்கம் மழுங்கியிருக்கும், இரண்டு பெரிய கண்களும் உச்சியில் முட்டிக்கொண்டிருக்கும். வேலைக்காரியைவிடச் சத்தமும் அதிகம். சத்தத்துக்குப் பயப்படுகிறவர் உள்ளங்கையில் ஒரு ஆண் ஈயை வைத்துவிட்டால் பாதித் தூரம் கடந்த மாதிரி. ஆனால் எடுத்துக் கொடுப்பவர் தேனீ வளர்ப்பவராக இருக்க வேண்டும், படத்தைப் பார்த்து அடையாளம் காணும் வேலை இல்லை. ஆண் ஈ வருஷம் முழுக்கவும் கிடைக்காது. எங்கள் பக்கம் ஐப்பசியிலிருந்து குடும்பம் பெருகும் காலத்தில் அடைகளில் ஆண் ஈ அறை தெரியும். அதன் மூடி கூம்பாக, நடுவில் ஊசித்துளையோடு இருக்கும். அந்தப் பருவத்தில் அமர்வு வைத்தால் எளிது.

பெட்டிப் படிக்குச் சில விதிகள். நியூட்டன் பெட்டி என்ற சிறிய தேன்பெட்டியோ பெரிய பெட்டியோ, வாசலுக்கு நேர் எதிரே ஆளை நிறுத்தக் கூடாது. பறந்துவரும் பாதையை மறித்தால் மோதத்தான் செய்யும். பக்கவாட்டிலோ பின்னாலோ 3 மீட்டரில் தொடங்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் மழையும் பஞ்சமும். பூ இல்லாத காலத்துக் குடும்பம் சிடுசிடுப்பாக இருக்கும், அப்போது பெட்டியைத் திறந்து காட்ட வேண்டாம். ஜனவரிக்குப் பிறகு ரப்பர் துளிர்விட்டுத் தேன் பாயும்போது தேனீக்கு வேலை அதிகம், மனிதரைக் கவனிக்க நேரமில்லை. நாளிலும் வெயில் ஏறிய காலை நேரம் நல்லது. மழை திரண்டு நிற்கும் மாலை கூடாது. வாசனைத் திரவியம், தலையில் பூ, கறுப்புக் கம்பளி உடை வேண்டாம். சிவப்பும் தேனீக்குக் கறுப்பாகத்தான் தெரியும். வெளிர் நிறப் பருத்திச் சட்டை போதும். பெட்டி பக்கம் வாழைப்பழம் தின்ன வேண்டாம், காரணத்தைப் பூச்சியியல்காரர்கள் சொல்வார்கள்.

பூவில் மேயும் தேனீதான் எல்லாவற்றிலும் நல்ல ஆசிரியர். அதற்குக் காக்க வீடு அங்கே இல்லை. முருங்கைப்பூ, துளசி, தும்பை போதும். மிதித்தாலோ விரலால் நசுக்கினாலோ தவிர அது கொட்டாது.

அவசரப்பிரிவு டாக்டர்

முதல் படத்தைக் காட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: முன்பு கொட்டியபோது உடம்பில் என்ன ஆயிற்று?

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் அது எல்லோருக்கும் வருவது. 10 செ.மீ.க்கு மேல் வீங்கி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் பெரிய உள்ளூர் எதிர்வினை. அப்படி வந்தவர்களில் அடுத்த கொட்டுக்கு உடல் முழுதும் ஒவ்வாமை வருவோர் 5 முதல் 10 விழுக்காடு. கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கரகரப்பு, மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கண் இருட்டி விழுவது, இவற்றில் எது வந்திருந்தாலும் படிகளை நிறுத்திவிட்டு ஒவ்வாமை மருத்துவரிடம் அனுப்புங்கள். அவருக்கு இருப்பது வெறும் அச்சம் அல்ல, நியாயமான எச்சரிக்கை. நஞ்சையே சிறு அளவில் தொடங்கி 100 மைக்ரோகிராம் வரை ஏற்றி 3 முதல் 5 ஆண்டு ஊசியாகப் போடும் சிகிச்சை உண்டு, பலன் மிக நன்றாக இருக்கும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, பெரிய மையங்களில் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. பதற்றத்துக்கு புரோப்ரனலால் மாத்திரை எழுதித் தருவது சாதாரணம். கொட்டு ஒவ்வாமை உள்ளவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வாமை அதிர்ச்சி கடுமையாகலாம், காப்பாற்ற வேண்டிய அட்ரினலினும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். உளவியலாளரும் மாத்திரைப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசி மாற்ற வேண்டும்.

மேகலா (மருத்துவ உளவியல்)

இதை முதல் படிக்கும் முன்னால் சேர்த்துவிட்டேன் டாக்டர். மாத்திரை பற்றி என் பக்கத்திலிருந்தும் ஒன்று: அமர்வுக்கு முன் அல்ப்ரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தால் அச்சம் எழவே எழாது. "மாத்திரையால்தான் தாங்கினேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும், அன்றைய அமர்வு வீண்.

கொசுத்தேனீ, ஆண் ஈ இரண்டும் எனக்குப் புதிய வழி. ஆனால் எச்சரிக்கை ஒன்று. "இது கொட்டாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் அந்த இனத்துக்கு மட்டுமே பழகுவார். ஆகவே இவை பாலம் மட்டும்தான். கொட்டக்கூடிய தேனீயோடு முடிக்காமல் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. வலைமுகமூடி பற்றியும் கேட்க வேண்டும். முழு உடுப்பு, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு பெட்டி பக்கத்தில் நின்றால் "உடுப்புதான் காப்பாற்றியது" என்று ஆகிவிடும். அதைப் படிப்படியாகக் கழற்ற வைக்கலாமா?

பெட்டித்தேன் (மார்த்தாண்டம்)

முடியாது மேடம். திறந்த பெட்டி முன்னால் முகவலை கழற்றச் சொல்ல மாட்டேன், அது அச்சத்துக்காகப் போடுவதில்லை. இமையிலோ தொண்டையிலோ கொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று டாக்டரே சொல்வார். பழகிய வளர்ப்பாளர் வெறும் முகத்தோடு திறப்பதைப் பார்த்து வந்தவரும் செய்யக் கூடாது. கையுறையை வேண்டுமானால் கழற்றலாம், அடுக்குத்தேனீக்குப் பலரும் கையுறை போடுவதில்லை. தேங்காய் நார்ப் புகை இரண்டு மூன்று ஊது போதும். கூடப் போனால் அதுவே தேனீயைக் கலைத்துவிடும்.

மேகலா (மருத்துவ உளவியல்)

ஏற்கிறேன் அண்ணாச்சி. தொழில் செய்பவர் அதே இடத்தில் எதை அணிவாரோ அது பாதுகாப்பு. அதற்கு மேல் எது இருந்தாலும் ஊன்றுகோல். பூவில் மேயும் தேனீயைப் பார்க்க முகவலை போட்டால் அது ஊன்றுகோல். கையில் எப்போதும் பூச்சிமருந்துப் புட்டி, வெளியே போகுமுன் கூகுளில் மரங்களைத் தேடுவது, கூட வருபவரின் கையை விடாமல் பிடிப்பது, காதில் இயர்போன் எல்லாம் அந்த வகை. கழற்ற வேண்டியவை இவைதான்.

ஆறாம்வகுப்பு ஆசிரியை

பள்ளியில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது? "தேனீ வந்தால் ஆடாமல் நில்" என்று பாடப்புத்தகப் பாணியில் சொல்கிறோம். தீயணைப்புத் துறையினர் பயிற்சிக்கு வந்தால் "ஓடு" என்கிறார்கள். பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

பூச்சிநோக்கி (பூச்சியியல்)

இரண்டும் சரி டீச்சர், இரண்டு வெவ்வேறு நிலைமைகளுக்கு.

ஒரே ஒரு தேனீ முகத்தைச் சுற்றினால்: கையை வீசாதே, ஊதாதே, வாயை மூடு, மெதுவாக நடந்து விலகு. மூச்சில் வரும் கரியமில வாயுவும் வேகமான அசைவும் தேனீயைத் தூண்டும். அது உங்களைப் பூவா இல்லையா என்று பார்க்கிறது, சில நொடியில் போய்விடும். எதிரே அந்தரத்தில் நின்று உற்றுப் பார்ப்பது பெரும்பாலும் தேனீயே இல்லை. கறுப்பும் மஞ்சளுமான பூ ஈயாக இருக்கும், அதற்கு ஒரே ஜோடி இறக்கை, மீசை மிகக் குட்டை, கொடுக்கு இல்லை. மரத்தைத் துளைக்கும் தச்சன் வண்டின் ஆணும் இப்படி முகத்துக்கு நேரே நின்று மிரட்டும். அதற்கும் கொடுக்கு இல்லை.

பல தேனீக்கள் தலையில் வந்து மோதினால், அல்லது ஒரு கொட்டுக்குப் பின் இன்னொன்று விழுந்தால்: ஓட வேண்டும். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் தோலில் மாட்டிக்கொண்டு பிய்ந்து நின்றுவிடும். அதிலிருந்து ஐசோபென்டைல் அசிடேட் என்ற வாசனை கிளம்பும், ஏறக்குறைய வாழைப்பழ மணம். பெட்டித்தேன் சொன்ன வாழைப்பழ விதிக்குக் காரணம் இதுதான். மற்றவற்றுக்கு அது "இங்கே கொட்டு" என்ற கட்டளை. அங்கேயே ஆடாமல் நின்றால் குறிபோட்ட இலக்காக நிற்பீர்கள். மலைத்தேனீயிடம் இதோடு இன்னும் நெடுநேரம் தங்கும் ஒரு வாசனையும் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் அது விடாமல் துரத்துகிறது.

ஓடும் விதம்: துண்டு, துப்பட்டா, சட்டை எதையாவது தலையில் போட்டு முகத்தை மூடி, பாதை தெரியக் கண்ணுக்கு மட்டும் வழி விட்டு, மூடக்கூடிய இடத்துக்கு நேராக ஓட வேண்டும். வீடு, வகுப்பறை, கார் எதுவும் ஆகலாம். கூடவே நாலைந்து தேனீ உள்ளே வந்துவிடும், அதற்காக மறுபடி வெளியே ஓடக் கூடாது. கிணற்றிலோ குளத்திலோ குதிக்கவே கூடாது. மேலேயே சுற்றிக்கொண்டு மூச்செடுக்கத் தலை தூக்கும்போது முகத்தில் கொட்டும், நீச்சல் தெரியாதவர் மூழ்கிப்போவார்.

பிள்ளைகளுக்கு ஒரே வரியில்: "ஒன்று வந்தால் நட, பல வந்தால் ஓடு."

அடையாளத்தையும் சொல்லிக் கொடுங்கள், பாதி அச்சம் எல்லாவற்றையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. ஒரே பெரிய அடை, ஒரு மீட்டர் வரைகூட அகலம், மரக்கிளையிலோ கட்டடத்திலோ திறந்தவெளியில் தொங்கினால் மலைத்தேனீ: பக்கத்தில் போகாதே, கல் எறியாதே, கீழே பட்டாசோ புகையோ வேண்டாம். புதரில் உள்ளங்கை அளவு ஒற்றை அடை என்றால் கொம்புத்தேனீ, சாது. வயிற்றின் முன்பாதியில் அகலமான மஞ்சள் பட்டையும் பின்பாதி கறுப்புமாக, காகிதம் போன்ற பெரிய கூட்டில் இருப்பது கதண்டு: அதன் கொடுக்கு பிய்ந்து நிற்காது, ஒன்றே பல தடவை கொட்டும். மரத்தில் திடீரென்று பந்தாகத் தொங்கி ஒன்றிரண்டு நாளில் போய்விடும் அடுக்குத்தேனீக் கூட்டம், பார்க்கப் பயங்கரம், ஆனால் காக்கக் குஞ்சும் தேனும் இல்லாததால் அநேகமாகச் சாந்தமாக இருக்கும். சுவரில் மண்கூடு கட்டும் ஒற்றைக் குளவி தன் கூட்டைக் காக்க மனிதரைத் துரத்தாது. கையால் பிடித்தால் ஒழியக் கொட்டாது.

ஹட்டன் கொழுந்து

மேகலா மிஸ், உங்கள் படிகள் நகரத்து ஆளுக்குச் சரி. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. இங்கே மலைத்தேனீயையும் சேர்த்தே குளவி என்கிறோம். கொழுந்து பறிக்கும்போது கூட்டமாகக் கலைந்து வந்து கொட்டி, உயிரே போகிறது. அப்படிப்பட்ட மலையில் நிற்கும் பெண்ணுக்கு அச்சத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுப்பது தவறு. அந்த அச்சம் அவளுக்குத் தேவை.

செய்ய வேண்டியது வேறு. மலையில் கொழுந்து பறிக்கத் தொடங்கும் முன் ஒருவர் சென்று உயர மரங்களையும் கல்லிடுக்குகளையும் பார்த்து, கூடு உள்ள இடத்துக்குச் சிவப்புத் துணி கட்டி அந்த நிரையை விலக்க வேண்டும். வெட்டும் இயந்திரச் சத்தம், குப்பை எரிக்கும் புகை அந்தப் பக்கம் ஆகாது. பருந்து வந்து கூட்டைக் கலைத்தாலும் கீழே நிற்பவர்மேல்தான் விழும். தலையில் மாட்டிய கூடையோடு ஓட முடியாது, கயிற்றை உடனே கழற்றி எறியப் பழக்க வேண்டும். இறப்பர் படங்கையும் (விரிப்பையும்) சாக்கையும் தலைக்கு மேலே போர்த்தச் சொல்ல வேண்டும். தோட்ட வைத்தியசாலையில் அட்ரினலின் இருக்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பதைத் தோட்ட நிர்வாகம் எழுத்தில் ஏற்க வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண். கொட்டு வாங்கியவர் பயப்படுகிறார் என்று சொல்லி அடுத்த நாளே அதே மலைக்கு அனுப்புகிறார்கள், அதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

மேகலா (மருத்துவ உளவியல்)

முழுதும் ஒத்துக்கொள்கிறேன். உண்மையான ஆபத்து இருக்கும் இடத்தில் பழக்கும் சிகிச்சைக்கு இடமில்லை, முதலில் ஆபத்தைக் குறைக்க வேண்டும். நான் எழுதிய படிகளில் மலைத்தேனீயும் கதண்டும் எந்தப் படியிலும் வராது என்று இப்போதே சேர்த்துவிடுகிறேன்.

கூட்டமாகக் கொட்டு வாங்கியவருக்கு வருவது பெரும்பாலும் வேறு நோய். கனவில் அதே காட்சி, கண்ணை மூடினால் ரீங்காரம், தூக்கமின்மை, திடுக்கிடல், கூட இருந்தவர் இறந்திருந்தால் குற்றவுணர்வு. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் என்று பார்க்க வேண்டும். அதற்குத் தேனீப் படத்தில் தொடங்கக் கூடாது, அந்த நிகழ்வின் நினைவோடுதான் வேலை செய்ய வேண்டும், பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். அடுத்த நாளே அதே மலைக்கு அனுப்புவது சிகிச்சை ஆகாது. அவர் சம்மதத்தோடு, தெரிந்த வேகத்தில், நிறுத்தும் உரிமையோடு நடப்பதுதான் பழக்குவது. கட்டாயம் அச்சத்தை ஆழமாக்கும். இலங்கையில் மனநல உதவிக்கு 1926, இந்தியாவில் டெலிமானஸ் 14416.

ஆறாம்வகுப்பு ஆசிரியை

குழந்தைகளுக்கு எவ்வளவு தூரம் போகலாம்? பெற்றோர் "அது ஒண்ணும் செய்யாதுடா" என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

மேகலா (மருத்துவ உளவியல்)

"ஒண்ணும் செய்யாது" என்று சொல்லக் கூடாது. ஒரு நாள் கொட்டினால் அத்தனை பேச்சும் பொய்யாகிவிடும், சொன்னவர்மேலும் நம்பிக்கை போகும். "கொட்டினால் கொஞ்ச நேரம் வலிக்கும், ஐஸ் வைப்போம், சரியாகும். அது பூவில் இருக்கும்போது நம்மைக் கொட்ட வராது" என்பதே உண்மை, அதுவே போதும்.

குழந்தை பூச்சியைப் பார்க்கும் முன் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். பெற்றோருக்கே அச்சம் இருந்தால் முதலில் அவர்களைப் பழக்க வேண்டும், இல்லையேல் அமர்வில் கட்டியது வீட்டில் இடியும். 10 வயதுக்குக் கீழ் 15, 20 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். புட்டிப் படிக்குப் பருத்தி வலை மூடி, உள்ளே ஒரு பஞ்சில் சரிபாதி சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால், தேனீ நாக்கை நீட்டி உறிஞ்சுவதைப் பூதக்கண்ணாடியால் பார்க்கலாம். அந்த ஒரு காட்சி பல குழந்தைகளைத் திருப்பிவிடும். பிடித்த இடத்திலேயே 20 நிமிடத்துக்குள் குழந்தையின் கையாலேயே திறந்து விடட்டும். திறந்ததும் தன்னை நோக்கி வரும் என்று எதிர்பார்த்திருக்கும், தேனீயோ நேரே பூவுக்கோ கூட்டுக்கோ போய்விடும். எழுதி வைத்த எதிர்பார்ப்பு அந்த இடத்தில் உடைகிறது.

தவறு நடக்கும் இடம்: அச்சம் 80, 90இல் இருக்கும்போது "சரி போதும்" என்று நிறுத்தி வெளியே கூட்டிப்போவது. படி பெரிதாகிவிட்டால் அதை இரண்டாக உடையுங்கள், அரை மீட்டருக்குப் பதில் ஒரு மீட்டர். ஆனால் அந்தச் சிறு படியையாவது முடித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

பூச்சிநோக்கி (பூச்சியியல்)

ஒரு சேர்க்கை. ரீங்காரக் காணொளியைப் படத்துக்குப் பிறகு வைத்திருக்கிறீர்கள். சத்தமே முதல் தூண்டுதலாக உள்ளவர்களுக்கு வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். ஒலியை மட்டும் தனியே, குறைந்த அளவில் தொடங்குவது நல்லது.

அவசரப்பிரிவு டாக்டர்

கொட்டினால் என்ன செய்வது என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு அச்சம் குறைவு. அதையும் அமர்விலேயே கற்பித்துவிடுங்கள்.

தேனீ என்றால் கொடுக்கை உடனே எடுக்க வேண்டும். பிய்ந்த நஞ்சுப் பை தானாகச் சுருங்கிச் சுமார் 20 நொடிக்குள் 90 விழுக்காடு நஞ்சை இறக்கிவிடும். நகத்தால் சுரண்டுவதா, விரலால் கிள்ளி எடுப்பதா என்ற சர்ச்சை வீண். 1996இல் வெளியான ஆய்வொன்று முறையில் வித்தியாசமில்லை, தாமதத்தில்தான் வித்தியாசம் என்று காட்டியது. ஏடிஎம் அட்டையைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பிறகு அந்த இடத்தை விட்டு விலகி, சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைக்கலாம். விரலில் கொட்டினால் மோதிரத்தை அப்போதே கழற்றுங்கள், வீங்கியபின் வெட்டத்தான் வேண்டும்.

சுண்ணாம்பு தடவுவது நம் வீடுகளில் முதல் வேலை. நஞ்சு தோலுக்கு அடியில் போயிருக்கிறது, மேலே தடவும் சுண்ணாம்பு அதை எட்டாது. தோல் வெந்துபோகும், கண்ணோரம் கொட்டியிருந்தால் கண்ணே கெடும். வேண்டாம்.

அச்சமுள்ளவருக்குக் கொட்டியபின் மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும், ஒவ்வாமையா பதற்றமா என்று அவருக்கே தெரியாது. விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரமரப்பு, வேக மூச்சு, தோலில் ஒன்றுமில்லை, நாடி வலுவாக இருந்தால் பதற்றத்தின் பக்கம். தடிப்பு, வீங்கும் உதடு, விசில் சத்தத்தோடு மூச்சு, வாந்தி, நாடி தளர்ந்து மயக்கம் என்றால் ஒவ்வாமை அதிர்ச்சி. தோலில் ஒன்றும் இல்லாமலும் சிலருக்கு அதிர்ச்சி வரும், ஆகவே சந்தேகம் இருந்தால் அதிர்ச்சி என்றே எடுத்துக்கொண்டு 108. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். சிட்ரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காக்காது. காப்பது அட்ரினலின்: மில்லிலிட்டருக்கு 1 மி.கி. உள்ள மருந்தில் கிலோவுக்கு 0.01 மி.கி., பெரியவருக்கு அதிகபட்சம் 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட முடியும், பெரிய மருத்துவமனை தேடி ஒரு மணி நேரம் ஓட வேண்டாம். சரியானபின்பும் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், திரும்ப வரலாம்.

ஹட்டன் நண்பர் சொன்ன கூட்டக் கொட்டு வேறு கணக்கு. 50 கொட்டுக்கு மேல் என்றால், குழந்தைக்கு அதற்குக் குறைவாக இருந்தாலும், ஒவ்வாமை இல்லாதவரையும் சேர்த்தே அனுமதிக்க வேண்டும். கதண்டுக்கு அந்த எண்ணிக்கை இன்னும் கீழே. முதல் நாள் நன்றாக இருந்து, அடுத்த இரண்டு மூன்று நாளில் தசை சிதைந்து, ரத்த அணு உடைந்து, சிறுநீரகம் நின்றுபோகும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ குறைந்தாலோ உடனே வர வேண்டும். கிரியாட்டினினும் (சிறுநீரகச் சோதனை) சிபிகேயும் (தசைச் சிதைவுச் சோதனை) ஒரு முறை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது போதாது.

பைக்கில் போகிறவன்

ஹெல்மெட்டுக்குள் பூச்சி புகுந்தால் என்ன செய்ய வேண்டும்? மேகலா மேடம் முதலில் சொன்ன ஆள் மாதிரி நிறைய பேர் இருக்கிறார்கள். சிகிச்சை முடிந்தபிறகும் மழைக்காலத்துக்கு அப்புறம் அச்சம் திரும்புகிறது என்றும் சொல்கிறார்கள்.

மேகலா (மருத்துவ உளவியல்)

வரிசை இதுதான்: ஆக்சிலரேட்டரை விடு, இண்டிகேட்டர் போடு, இடது ஓரம் நிறுத்து, ஸ்டாண்ட் போடு, அதன்பின் முகக்கண்ணாடியைத் தூக்கு, ஹெல்மெட்டைக் கழற்று. கொட்டினாலும் இதே வரிசை. நிறுத்திய பைக்கில், பிறகு ஆளில்லாத மைதானத்தில், நண்பர் "பூச்சி" என்று குரல் கொடுத்ததும் இதைக் கை தானாகச் செய்யும் வரை ஒத்திகை பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் முகத்தைத் தட்டுவதுதான் விபத்தாகிறது.

திரும்புவது உண்மைதான். ஒரே தோட்டத்தில், ஒரே சிகிச்சையாளரோடு பழகியவருக்கு அச்சம் அந்த இடத்தில் மட்டுமே குறையும், புது இடத்தில் எழும். அதனால் தேனீயை நெருங்கிப் பார்க்கும் படியை வேறு வேறு இடத்தில், வேறு நேரத்தில், சிகிச்சையாளர் இல்லாமல் செய்ய வைக்க வேண்டும்: கோயில் வாசல் பூக்கடை, கரும்புச்சாறு வண்டி, காய்கறிச் சந்தையின் பழக்கடை. பூச்சி குறைந்த மாதங்களில் பழக்கம் விட்டுப்போகும். முருங்கையும் வேம்பும் பூக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் தினம் 10 நிமிடம் மரத்தடியில் நின்றால் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள்.

பெட்டித்தேன் (மார்த்தாண்டம்)

வேம்புக்கடியில் நிற்குமுன் மேலே ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் மேடம். கிளையில் மலைத்தேனீ அடை இருந்தால் வேறு மரம்.